பக்கிள் ஷூவுக்கு ஒரு பெயர் உண்டு: மேரி ஜேன்

பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளை வீட்டில் இருந்தால், வாசலில் கிடக்கும் அவளுடைய கறுப்பு ஷூவை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மூக்கு உருண்டையாக மூடியிருக்கும். மேல்பக்கம் பாதத்தின் முதுகு தெரியும்படி தாழ்வாக வெட்டியிருக்கும். குறுக்கே ஒரே ஒரு வார். அது வெளிப்பக்கம் வந்து சின்னதாக ஒரு பக்கிளில் முடியும். குதி உயரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. நம் கடைகளில் இதை 'பக்கிள் ஷூ' என்றோ 'கேர்ள்ஸ் ஷூ' என்றோ கேட்டு வாங்குகிறோம். அமெரிக்காவில் இதன் பெயர் மேரி ஜேன். அந்தப் பெயர்தான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

பெயரைக் கேட்டால் யாரோ ராணி என்றோ பெரிய வடிவமைப்பாளர் என்றோ தோன்றும். மேரி ஜேன் ஒரு கார்ட்டூன் சிறுமி. அதிலும் துணைப் பாத்திரம். அவள் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த வார் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொண்டுவிடலாம்.

வார் எதற்கு?

லேஸ் ஷூ பாதத்தின் முதுகு முழுவதையும் கட்டிப் பிடிக்கிறது. லேஸும் வாரும் இல்லாத கட் ஷூவுக்கு அந்த வசதி இல்லை. முன்னால் விரல்களையும் பின்னால் குதிகாலையும் கவ்விக்கொண்டுதான் அது காலில் நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் அடிக்கு ஒரு முறை குதிகால் கழன்று 'டப் டப்' என்று அடிக்கும். கழலாமல் இருக்க நம்மை அறியாமலே விரல்களை மடக்கிக்கொண்டு நடப்போம். பெரியவர்கள் இதை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள்.

சின்னப் பிள்ளையின் பாதம் வேறு மாதிரி. விரல் பக்கம் விசிறி போல அகன்று, குதிப் பக்கம் ஒடுங்கி, நடுவில் பூரி போல உப்பியிருக்கும். உள்ளே எலும்பில் ஒரு பங்கு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிற வயது அது. அந்தக் காலில் இறுக்கமான கட் ஷூ போட்டால் விரல் நசுங்கும். தளர்வாகப் போட்டால் ஓடும்போது ஷூ ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். குறுக்கே ஒரு வார் வந்ததும் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. வார் பாதத்தின் முதுகில் படிந்து, கால் முன்னால் வழுக்காமல் குதிப் பக்கமாகப் பிடித்து வைக்கும். விரல்களுக்குத் தாராளமாக இடம் விடலாம். லேஸ் கட்டத் தெரியாத வயதிலும் பிள்ளையே போட்டுக் கழற்றலாம்.

இதற்குக் கூடப்பிறந்த வகை ஒன்று உண்டு, டி-பார். குறுக்கு வாரின் நடுவிலிருந்து மூக்கு வரை நெடுக்காக இன்னொரு பட்டை இறங்கும். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்து. குறுக்கு வார் கணுக்கால் பக்கம் ஏறிவிடாமல் இந்தப் பட்டை இழுத்துப் பிடிக்கும். 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிட்டனில் கோடைக்காலம் என்றால் பிள்ளைகள் காலில் பழுப்பு நிற டி-பார் சாண்டல்தான். மூக்கில் பூ வடிவத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருக்கும். பையன், பெண் இருவருக்கும் அதே சாண்டல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

வாரை மாட்டும் விதம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. முதலில் பொத்தான். தடித்த தோலில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பொத்தானை விரலால் இழுப்பது பெரும்பாடு என்பதால், அந்தக் காலத்து வீடுகளில் இதற்கென்றே கைப்பிடி வைத்த கம்பிக் கொக்கி ஒன்று கிடக்கும். அடுத்து பக்கிள் வந்தது. அதற்கடுத்து வெல்க்ரோ. சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்த்ரால், காட்டுக்குப் போய் வந்தபோது நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முட்காய்களைப் பார்த்து யோசித்து, 1950களில் காப்புரிமை வாங்கிய அதே ஒட்டுப்பட்டை. இன்று கடையில் வாங்கும் பக்கிள் ஷூக்கள் பலவற்றில் பக்கிள் சும்மா அலங்காரம். தூக்கிப் பார்த்தால் அடியில் வெல்க்ரோவோ ஒரு துண்டு எலாஸ்டிக்கோ இருக்கும். ஏமாற்று வேலை என்று சிலர் கோபப்படுவார்கள். காலை ஏழரை மணிக்கு வேன் ஹாரன் அடிக்கும்போது பக்கிள் மாட்டிவிட்ட அனுபவம் உள்ளவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

பளபளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழாவுக்குப் போடும் மேரி ஜேன் கண்ணாடி போல மின்னும். அதற்குப் பேட்டன்ட் லெதர் என்று பெயர். ஆளிவிதை எண்ணெய் சேர்த்த வார்னிஷைத் தோலின் மேல் திரும்பத் திரும்பப் பூசிக் காயவைத்து அந்த மினுமினுப்பைக் கொண்டுவந்தார்கள். இப்போது வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு. அந்த மினுமினுப்பில் பாவாடைக்குள்ளிருப்பது தெரிந்துவிடும் என்று சொல்லி அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளின் கன்னியாஸ்திரிகள் இந்த ஷூவுக்குத் தடை போட்டதாக ஒரு கதை அங்கே தலைமுறை தலைமுறையாக உலவுகிறது. ஷூவைக் கையில் வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள்; உங்கள் மூக்கைத் தவிர வேறொன்றும் ஒழுங்காகத் தெரியாது.

யார் இந்த மேரி ஜேன்?

1902 மே மாதம் நியூயார்க் ஹெரால்டு நாளிதழில் பஸ்டர் பிரவுன் என்ற கார்ட்டூன் தொடர் ஆரம்பமானது. வரைந்தவர் ரிச்சர்ட் அவுட்கால்ட். பஸ்டர் பணக்கார வீட்டுப் பையன். கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டிய மாதிரி தலைமுடி, பட்டுக் கழுத்துப்பட்டி, பார்வைக்குத் தேவதை, செய்வதெல்லாம் சேட்டை. கடைசிக் கட்டத்தில் 'இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்' என்கிற தோரணையில் ஒரு தீர்மானம் எழுதிவைப்பான். அடுத்த வாரம் திரும்பவும் அதே கதை. கூட டைக் என்ற பேசும் நாய். பஸ்டருக்கு ஒரு தோழி, அவள்தான் மேரி ஜேன். அவுட்கால்ட்டின் மகளுக்கும் அதே பெயர்.

அவுட்கால்ட் வரைவதில் மட்டுமல்ல, விற்பதிலும் கெட்டிக்காரர். 1904ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தபோது கடை போட்டு உட்கார்ந்து, தன் பாத்திரங்களின் பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமையை வருகிற கம்பெனிகளுக்கெல்லாம் விற்றார். விஸ்கிக்காரர், சுருட்டுக்காரர் என்று யார் கேட்டாலும் கொடுத்தார். வாங்கியவர்களில் ஒன்று உள்ளூர் நிறுவனமான பிரவுன் ஷூ கம்பெனி. அதன் நிறுவனர் ஜார்ஜ் வாரன் பிரவுன். பஸ்டர் பிரவுனுக்கும் அவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல். விளம்பரத்துக்கு அது எவ்வளவு தோது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனி செய்த விளம்பரம் அந்தக் காலத்துக்குப் புதிது. உயரம் குறைந்த நடிகர்களுக்குப் பஸ்டர் வேஷம் போட்டு, கூட ஒரு நாயையும் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். கடையிலோ நாடகக் கொட்டகையிலோ அவர்கள் வேடிக்கை காட்டுவார்கள். பார்க்க வந்த பிள்ளைகள் ஷூவோடு வீடு திரும்புவார்கள். குழந்தைக்கான பொருளை விற்க அப்பா அம்மாவிடம் பேசாமல் நேரே குழந்தையிடம் பேசுவது இன்றைக்குச் சர்வசாதாரணம். அதை முதலிலேயே செய்து காட்டியவர்களில் இவர்களும் உண்டு. வார் வைத்த ஷூவுக்கு மேரி ஜேன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்த வியாபாரத்தின் வழியாகத்தான். தொடர் நின்றுபோனது. அந்த நாளிதழும் அந்தப் பெயரில் இப்போது இல்லை. பிரவுன் ஷூ கம்பெனிகூட 2015ல் கலரெஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. துணைப் பாத்திரத்தின் பெயர் மட்டும் நிற்கிறது.

ஷூவை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1545ல் மூழ்கி 1982ல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலுக்குள் கிடந்த காலணிகளிலேயே குறுக்கு வார் வைத்தவை உண்டு. எட்டாம் ஹென்றி மன்னரின் மாலுமிகள் போட்டவை அவை. கப்பலின் பெயரிலும் ஒரு மேரி இருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த வார் முரட்டு ஆண்களின் காலிலும் இருந்திருக்கிறது.

பையன்கள் எப்போது கழற்றினார்கள்?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் சுவையான இடம் இதுதான். கார்ட்டூனில் பஸ்டரும் வார் வைத்த ஷூதான் போட்டிருப்பான். அது வாசகர் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1884ஆம் வருடத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. இரண்டரை வயது. வெள்ளைக் கவுன், தோள்வரை முடி, கையில் இறகு வைத்த தொப்பி, காலில் பளபளக்கும் பேட்டன்ட் லெதர் ஷூ. இன்றைக்குப் பார்ப்பவர்கள் பெண் குழந்தை என்றே சத்தியம் செய்வார்கள். அந்த நாளில் ஆறேழு வயதுவரை பையன்களுக்கும் கவுன்தான். ஈரத்துணி மாற்றச் சுலபம், வெள்ளை என்றால் வெளுக்கச் சுலபம், வளர்ந்தாலும் சீக்கிரம் பத்தாமல் போகாது. உடுப்பு பிள்ளையின் வயதைத்தான் சொன்னது. ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை.

முதல் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் இது மாறியது. மிகச் சின்ன வயதிலேயே பையனைப் பையன் போல உடுத்த வேண்டும் என்ற எண்ணம் பரவியது. கடைக்காரர்களுக்கும் இரண்டு விதமாக விற்பது லாபம், அண்ணன் கவுனைத் தங்கைக்குப் போட முடியாதல்லவா. கவுனோடு வார் ஷூவும் பையன்களை விட்டுப் போனது. அமெரிக்காவில் சீக்கிரமாகவே போயிற்று. பிரிட்டனில் டி-பார் சாண்டல் உருவில் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியது. 1930களில் ஷர்லி டெம்பிள் என்ற குட்டி நட்சத்திரம் சுருள்முடியும் குட்டைக் கவுனும் மேரி ஜேனுமாகத் திரையில் ஆடியபோது, ஊரே தன் பெண்ணுக்கு அதே அலங்காரம் செய்து பார்த்தது. அதன் பிறகு இது பெண் பிள்ளை ஷூ என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எல்லா ஊரிலும் அப்படி நடக்கவில்லை என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே பள்ளிக்குள் நுழைந்ததும் வெளி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு 'உவாபாகி' என்ற உள் ஷூ போட வேண்டும். பல பள்ளிகளில் அது வெள்ளைத் துணி ஷூ, பாதத்தின் குறுக்கே ஒரு எலாஸ்டிக் பட்டை. உருவத்தில் மேரி ஜேனுக்குத் தங்கை. பையனும் பெண்ணும் ஒன்றாகத்தான் போடுகிறார்கள். யாரும் கேலி செய்வதில்லை. சீனாவிலும் வார் வைத்த கறுப்புத் துணி ஷூவுக்கு நீண்ட வரலாறு உண்டு.

பெரியவர்கள் எடுத்துக்கொண்ட கதை

பையன்கள் கழற்றிய ஷூவைப் பெண்கள் வளர்ந்த பிறகும் விடவில்லை. 1920களில் பாவாடை முழங்காலை நோக்கி ஏறியது, சார்ல்ஸ்டன் நடனம் வந்தது. காலை உதறி உதறி ஆடுகிற ஆட்டத்தில் கட் ஷூ பறந்து எதிரில் இருப்பவர் முகத்தில் விழும். குதி வைத்து, குறுக்கே வார் போட்டதும் ஆட்டம் தடையில்லாமல் நடந்தது. இந்த முறை வார் வந்தது தேவைக்காக. இதில் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை.

1960களில் வந்தது வேறு மாதிரி. லண்டனில் மேரி குவான்ட் போன்ற ஆடை வடிவமைப்பாளர்கள் மினி ஸ்கர்ட்டைப் பரப்பினார்கள். ட்விக்கி போன்ற ஒல்லி மாடல்கள் பெரிய கண்ணும் தட்டை ஷூவுமாக நின்றார்கள். வளர்ந்த பெண் பள்ளிச் சிறுமி மாதிரி தெரிவதுதான் அப்போதைய அழகு. அம்மா தலைமுறையின் ஊசிக்குதி ஷூவை உதறியதில் விடுதலை இருந்தது. சிறுமியாகத் தெரிய வேண்டும் என்பதில் கொஞ்சம் நெருடலும் இருந்தது.

அந்த நெருடலைப் பிடித்துக்கொண்டவர்கள் 1990களின் ராக் பாடகிகள். கோர்ட்னி லவ், கேட் பிஜெல்லண்ட் இருவரும் கிழிந்த பொம்மைக் கவுன், கோணல்மாணலாகப் பூசிய லிப்ஸ்டிக், தலையில் குழந்தை கிளிப், காலில் மேரி ஜேன் என்று மேடையேறித் தொண்டை கிழியக் கத்தினார்கள். நல்ல பெண் பிள்ளையின் ஷூவைப் போட்டுக்கொண்டு நல்ல பெண் பிள்ளை செய்யாததையெல்லாம் செய்வதுதான் அதன் அர்த்தம். யார் முதலில் அப்படி உடுத்தினார்கள் என்று இருவருக்கும் தகராறுகூட வந்தது. அதே பத்தாண்டில் காலணி வடிவமைப்பாளர் மனோலோ பிளானிக் உயரமான குதி வைத்த மேரி ஜேன் செய்து பணக்காரக் கால்களுக்கு விற்றார். ஒரே ஷூ, ஒரே சமயத்தில் கலகமும் ஆடம்பரமும்.

பிறகு ஸ்னீக்கர் காலம் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. 2022 வாக்கில் பாலே நடன உடைகளைப் பார்த்து உடுத்தும் மோகம் கிளம்ப, வார் ஷூ திரும்பவும் தலைகாட்டியது. இப்போது அடிடாஸ், பூமா கூட விளையாட்டு ஷூவின் தட்டை அடிமேல் மேரி ஜேன் வாரை வைத்துக் கலப்பினம் ஒன்றை விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முப்பது வயதுப் பெண் ஆசைப்பட்டு இதை வாங்கும்போது ஆறு வயதுப் பெண் வெல்க்ரோ ஸ்னீக்கர் கேட்கிறாள். அவள் காலில் மேரி ஜேன் ஏறுவது விழாவுக்கும் யூனிஃபார்முக்கும் மட்டும்.

நம் பள்ளிக்கூட வாசலில்

நம் ஊரில் பல பள்ளிகளில் இன்றும் பையனுக்கு லேஸ் அல்லது வெல்க்ரோ ஷூ, பெண்ணுக்குப் பக்கிள் ஷூ என்று சீருடை விதியிலேயே எழுதியிருக்கிறது. பிரிட்டிஷ் பாணிப் பள்ளிச் சீருடையோடு வந்த வழக்கம் இது. அக்கா மகள் போன ஜூனில் கடையில் நின்றுகொண்டு, "மாமா, தம்பி ஷூல மட்டும் தண்ணி போகாது, என்னோடதுல மட்டும் ஏன் போகுது?" என்று கேட்டாள். சரியான கேள்வி. மேல்பக்கம் திறந்த ஷூவில் மழைத் தண்ணீரும் மைதானத்து மணலும் தாராளமாக இறங்கும். சாக்ஸ் நனைந்தால் மாலைவரை ஈரம்தான். இதே கேள்வி 2017ல் பிரிட்டனில் பெரிய சர்ச்சையானது. கிளார்க்ஸ் நிறுவனம் பெண் பிள்ளைகளுக்கு விற்ற பள்ளி ஷூ ஒன்றுக்கு 'டாலி பேப்' என்றும் பையன்களுடையதற்கு 'லீடர்' என்றும் பெயர் வைத்திருந்தது. ஒன்றின் உள்ளே இதயப் படம், மற்றொன்றின் உள்ளே கால்பந்துப் படம். பையன்கள் ஷூ ஓடியாடத் தோதாக இருக்க, பெண்கள் ஷூ மெலிந்த அடியோடு மேல்பக்கம் திறந்திருப்பது ஏன் என்று பெற்றோர் கேட்டார்கள். கிளார்க்ஸ் அந்த ஷூவை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

பக்கிள் ஷூவே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. பார்த்து வாங்கினால் சின்னக் காலுக்கு இது நல்ல ஷூதான். குதிப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், மடங்கிவிடக் கூடாது. ஷூ வளைய வேண்டியது விரல்கள் ஆரம்பிக்கும் இடத்தில். நட்டநடுவில் வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாக்ஸோடு போட்டு, பிள்ளையை நிற்கவைத்துப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரலில் பாதி அகலம் இடம் இருந்தால் போதும். வாரில் நடு ஓட்டையில் பக்கிள் மாட்டும்படி இருந்தால், கால் சதை போட்டாலும் இளைத்தாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

சைஸ் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நம் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவுதான். அதில் ஒரு சைஸ் என்பது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் எட்டரை மில்லிமீட்டர். நாலு அங்குலத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ண ஆரம்பித்து, பிள்ளைகளுக்கு 13 வரை போய், அதற்குப் பிறகு திரும்பவும் 1 என்று தொடங்கும். போன வருடம் 13 போட்டவளுக்குக் கடைக்காரர் 1 எடுத்துக் கொடுத்தால் அவர் தவறிச் செய்யவில்லை.

வாரில் ஓட்டை போதாமல் போவது மட்டும் அடிக்கடி நடக்கும். எங்கள் அக்காவின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் முள் கோணியதே இதனால்தான். குத்திய ஓட்டை கிழிந்து கிழிந்து நீண்டு, அரைப்பரீட்சைக்குள் வார் அறுந்து, மீதி வருடம் ஊக்கு குத்திக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஓட்டை போடும் இடுக்கியால் ஒரே அழுத்து. உருண்டையாக விழும், கிழியாது. அப்படியே பக்கிள் பக்கத்துத் தையலிலும் நாலு குத்து போடச் சொல்லிவிடுங்கள். முதலில் விடுவது அந்த இடம்தான்.